பதினான்காம் துளையும் ஐந்தாம் குழியும்

உடையார்பாளையம்
12.11.2024

பத்தாயிரம் மைல் தாண்டிப் போய்ப் பனிக்கட்டிக்கு மேல் ரோடு போடும் என் மருமகள் வெற்றிச்செல்விக்கு,

உடையார்பாளையம் தாலுகா முழுமைக்கும், அதன் ஏரி, பஸ் ஸ்டாண்டு, முந்திரித் தோப்புகள் அனைத்துக்கும் மாமனாகிய மணிவண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை ஜோதியும் இங்கே சௌக்கியம். உன் மூக்கும் காதும் உறைந்து உதிராமல் அதது அதனதன் இடத்தில் இருக்கிறதா என்பதை உடனே தெரிவிக்கவும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. என் காதுகள் இரண்டும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டன. போனில் நீ பேசினால் அரிசி மில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஆகவே ஏற்பாடு இதுதான். நான் எழுதுவதை இ-சேவை மையம் நடத்தும் சசிகலா ஸ்கேன் பண்ணி உனக்கு மெயிலில் தள்ளுவாள். நீ அனுப்புவதைப் பிரிண்ட் எடுத்து என்னிடம் தருவாள். இரண்டையும் நடுவில் அவள் படித்துவிடுவாள். அவள் படித்த விஷயம், ஜெயங்கொண்டம் பஸ் புறப்படுவதற்கு முன்பே ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் என் பெருமைகளை மட்டும் தாராளமாக எழுது.

உன் அம்மா அம்சவள்ளி விக்கிரமங்கலத்தில் பார்ப்பவரிடமெல்லாம், "எம் பொண்ணு ஐஸ்கட்டி மேல ஏரோபிளேனுக்கு ரோடு போடுது" என்கிறாள். இருபத்தாறு வருடம் பெரம்பலூரில் ரோடு கான்ட்ராக்டர் லேபில் மண் பார்த்தவன் நான். என்னிடம் வந்து, அது எப்படி என்று கேட்கிறார்கள். பதில் தெரியாமல் நேற்று மட்டும் ஏழு பேரிடம் ஏழு விதமாகச் சொல்லிவிட்டேன். எட்டாவது ஆள் வருவதற்குள் எழுது.

செல்லப்பன் மச்சானும் நலம். தடி ஊன்றி ஏரிக்கரை வரை நடக்கிறார். உன் அப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானாகச் சொல்லி வைக்கிறேன்.

உன் சுகம் நாடும்,
மாமா

எட்மண்டன்
30.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வியின் வணக்கம். மூக்கும் காதும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. உங்களுக்கு மூட்டு வலி எப்படி? அத்தை கண் ஆபரேஷன் செய்துகொண்டாரா? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது ஆளுக்கு இதைச் சொல்லுங்கள். நான் வேலை பார்க்கும் ஊர் இங்கிருந்தும் வடக்கே மூன்று மணி நேர விமானப் பயணம். நானூறு பேர் வாழும் ஊர். ரோடு கிடையாது. அரிசி, மருந்து, பிரசவ வலி, எல்லாமே விமானத்தில்தான் வரவும் போகவும் வேண்டும். அங்கே மண் கோடையிலும் உறைந்தே இருக்கும். உறைந்திருக்கும்வரை கருங்கல் மாதிரி. உருகினால் கூழ். இதுவரை அங்கே சரளைக்கல் ஓடுதளம்தான். இப்போது தார் போடப் போகிறோம். தார் கறுப்பு, வெயிலைக் குடித்துக் கீழே அனுப்பும். அதனால் கீழே இருக்கிற மண்ணைச் சூடு தெரியாமல் தூங்க வைப்பதுதான் எங்கள் வேலை. கல்லை உயரமாகப் பரப்பி, நடுவில் தெர்மாகோல் மாதிரிப் பலகைகள் அடுக்கி, அதற்கு மேல் தளம் போடுவோம். எவ்வளவு உயரம், எத்தனை பலகை என்பது மண்ணுக்குள் எவ்வளவு பனிக்கட்டி ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைத் துளை போட்டுப் பார்ப்போம்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பட்டப்பகலில் குடித்துவிட்டு நேர் ரோட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவரைப் பற்றி நான் கேட்க என்ன இருக்கிறது? அதை விடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.
செல்வி

உடையார்பாளையம்
15.12.2024

உறைந்த பூமியைத் தாலாட்டித் தூங்க வைக்கும் மருமகளுக்கு,

மூட்டு வலி முன்பு இரண்டு காலில் இருந்தது. இப்போது ஒரு காலுக்கு லீவு கொடுத்திருக்கிறது. ஜோதி கண் ஆபரேஷன் முடிந்து, முப்பது வருடமாகத் தெரியாத என் குறைகளையெல்லாம் தெளிவாகப் பார்க்கிறாள். உன் குளிர் எப்படி?

உன் கடிதம் படித்தேன். இதற்குப் போய் கனடாவா? நம் கரிசலும் இதே ஜாதிதான். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். விக்கிரமங்கலம் பக்கத்து வெடிப்பில் எருமை விழுந்தால் மறுபக்கம் உங்கள் கனடாவில்தான் கொம்பு தெரியும். நான் மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் திரி உருட்டினால் போதும், எந்தக் கிராமம், எந்த வயல், அந்த வயல்காரனுக்கு எத்தனை பெண்டாட்டி என்று சொல்லிவிடுவேன். இதைப் பார்க்க மூன்று கலெக்டர்கள் லேபுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். நான்காமவரை நேரமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

தொழில் முறையில் ஒரு கேள்வி. ஓடுதளத்துக்கு எத்தனை துளை போட்டீர்கள்? எல்லாத் துளைக்கும் நீயே பக்கத்தில் நின்றாயா?

வெந்நீரிலேயே குளி.
மாமா

எட்மண்டன்
20.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே எல்லோரும் நலம்தானே?

உங்கள் கேள்விக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். சசிகலா அக்கா படித்தால் படிக்கட்டும், இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதவரை சரி.

மொத்தம் இருபத்திரண்டு துளை. போன மார்ச்சில் போட்டோம். பக்கத்தில் நின்று குறிப்பு எழுதியது நான்தான். மற்றதெல்லாம் முடிந்து, விட்டுப்போன பதினான்காவது துளைக்குக் கடைசியாக மெஷினை நகர்த்தியபோது மைனஸ் நாற்பத்தொன்று. எண்ணெய் உறைந்து மெஷின் நின்றுவிட்டது. புயல் வருகிறது, கடைசி விமானம் இரண்டு மணிக்கு என்றார்கள். மெஷின் ஓட்டுபவர், பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நூறு மீட்டர்தானே, என்ன மாறிவிடப் போகிறது என்றார். அவர் சொன்னதற்காக இல்லை, எனக்குக் குளிர் தாங்கவில்லை. விமானத்தில் உட்கார்ந்து, பதிமூன்றில் எழுதியதையே கொஞ்சம் மாற்றிப் பதினான்கு என்று எழுதினேன். சரளை, வறண்டது, பனிக்கட்டி இல்லை.

பதினான்காம் துளை போடப்படவே இல்லை மாமா. அந்த இடத்தில் கீழே பனிக்கட்டி இருந்தால், நாலைந்து கோடையில் ஓடுதளம் தட்டு மாதிரிக் குழியும். விமானம் அதன் மேல் ஓடும். ஜூன் கடைசியில் அங்கே கல் பரப்பத் தொடங்குகிறார்கள். பரப்பிவிட்டால் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. இப்போது சொன்னால் வேலையும் போகும், இன்ஜினியர் உரிமமும் போகலாம்.

நீங்கள் குழி எடுத்த காலத்தில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா? நடந்திருந்தால் என்ன செய்தீர்கள்?

செல்வி

உடையார்பாளையம்
21.01.2025

அன்பு மருமகளுக்கு,

இன்று வந்த காகிதத்தின் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். எல்லோரும் நலம்.

என் சரித்திரத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. எட்டுக் குழி என்றால் எட்டும் என் கையால் அள்ளியது. ஆனால் உன் விஷயம் வேறு. நூறு மீட்டருக்குள் பூமி குணம் மாறிவிடாது. இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஒன்றும் ஆகாது. வாயை மூடிக்கொண்டு இரு. உரிமம் போய் நீ இங்கே வந்து முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாயா? இதைப் பற்றி இனி எனக்கும் எழுதாதே, யாருக்கும் சொல்லாதே.

கம்பளி போட்டுக்கொள்.
மாமா

எட்மண்டன்
09.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே குளிர் சற்றுக் குறைந்திருக்கிறது, மைனஸ் பதினெட்டுதான். உங்கள் மூட்டு எப்படி?

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். உங்கள் கடிதம் எப்போதும் நாலு பக்கம் வரும், அது அரைப் பக்கம். கலெக்டர்கூட வரவில்லை. அதனாலேயே நம்பினேன். விளையாட்டு இல்லாமல் மாமா ஒன்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று.

வரைபடத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். அந்த இடத்தில் பலகை ஒரே அடுக்கு. நீங்கள் கேட்டுக்கொண்டபடி இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

போன வாரம் அந்த ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைச் சின்ன விமானத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை. இருவரும் நலம் என்று கேள்விப்பட்டேன்.

செல்வி

உடையார்பாளையம்
20.05.2025

செல்விக்கு,

நலம். நலமறிய ஆவல். இரண்டு மாதம் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

இதை மட்டும் சசிகலாவிடம் தருகிறேன். இன்னொரு கடிதம் உன் எட்மண்டன் ஆபீஸ் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். அது அவள் படிக்கக் கூடாதது. கல் பரப்புவதற்கு முன் அதைப் படி. படித்தாயிற்று என்று ஒரு வரி எழுது.

மாமா

ஓடுதள முகாம்
25.06.2025, புதன்

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? எனக்குக் கொசுக்கடி தவிர வேறு தொந்தரவு இல்லை. பனி ஊரில் கொசு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நீங்கள் சொல்லும் அளவில் சொன்னால், ஒவ்வொன்றும் ஒரு வான்கோழி.

மே முதல் இங்கேதான் இருக்கிறேன், மெயில் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. உங்கள் பதிவுத் தபால் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அது ஆபீசுக்கு வந்து கிடக்கிறதாம். செப்டம்பரில் போய்த்தான் பிரிப்பேன். அவசரமென்றால் ஸ்கேனில் அனுப்பிவிடுங்கள். சசிகலா அக்காவுக்குத் தெரியாத ரகசியம் உங்களிடம் என்ன இருக்கப் போகிறது?

நாளையும் மறுநாளும் இங்கே மெயில் வேலை செய்யும். சனிக்கிழமை காலை பதினான்காம் துளை இருக்கும் இடத்தில் கல் கொட்டுகிறார்கள். ஒன்றும் ஆகாது என்று நீங்கள் எழுதியதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

செல்வி

உடையார்பாளையம்
26.06.2025, வியாழன்

செல்வி,

சசிகலா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேஜையில் வைத்தே எழுதுகிறேன். படிப்பாள். படிக்கட்டும்.

ஜனவரியில் நீ கேட்டாய், இப்படி நடந்ததுண்டா என்று. இல்லை என்று எழுதினேன். அது பொய்.

2011 பங்குனியில் உங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்கு வரும் இணைப்புச் சாலைக்கு மண் எடுக்க நான்தான் போனேன். நாலு கிலோமீட்டருக்கு எட்டுக் குழி. நாலு குழி முடித்து ஐந்தாவதற்கு ஊர் எல்லைக்கு வந்தபோது, அன்று காலைதான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். "காப்பு அவுக்குற வரைக்கும் இந்த எல்லையில கடப்பாரை விழக்கூடாதுங்க, எட்டு நாள் களிச்சு வாங்க" என்று கும்பிட்டுச் சொன்னார்கள். மீதி மூன்று குழியும் எல்லைக்கு அந்தப் பக்கம், எடுத்துவிட்டேன். ஐந்தாவதற்கு எட்டு நாள் காத்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. லேபிலும் கேட்டிருக்கமாட்டார்கள். எட்டு நாள் கழித்து அதே வெயிலில் திரும்ப வரச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். நாலாம் குழிச் செம்மண்ணையே இன்னொரு சாக்கில் அள்ளிக் கட்டி, அட்டையில் "குழி எண் 5" என்று எழுதினேன். ஐந்தாம் குழி இருக்கவேண்டிய இடம் சுத்தக் கரிசல். கண்ணாலேயே தெரிந்தது.

செம்மண்ணுக்குப் போடும் கனத்தில் மறு வருடம் அங்கே ரோடு போட்டார்கள். இரண்டு மழை, இரண்டு கோடை. மூன்றாம் கோடையில் ரோடு நீளவாக்கில் வெடித்தது. 2014 மே மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வெடிப்பில் மோட்டார் சைக்கிள் சக்கரம் மாட்டித்தான் உன் அப்பா விழுந்தார். அவர் அன்று குடித்தது எங்கள் வீட்டு மோர். ஜோதி கையால் இரண்டு டம்ளர்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே உறவுக்காரர்கள் இருபது பேர். "நேர் ரோட்டுல, வெளிச்சத்துல, எப்படி வுளுந்தாரு?" என்று ஒருவர் கேட்டார். ரோட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இன்னொருவர் கிளம்பினார். நான் குறுக்கே போய் நின்றேன். "அட போங்கய்யா, மச்சான் மூணு பாட்டில ஏத்திக்கிட்டு பைலட் மாதிரி வந்தாரு, வானத்துல ஏறும்னு நெனச்சாரு, ஏறல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ரோட்டைப் பார்க்கக் கிளம்பியவரும் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் கண் விழித்து, குடிக்கவில்லை என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. கால் கூடிய பிறகும் பள்ளிக்கூட வேன் ஓட்ட அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. நீ அவரோடு பேச்சை நிறுத்தினாய். கனடா போகும்போது, ஏர்போர்ட்டுக்கு அப்பா வரவேண்டாம் என்றாய். வண்டியில் முன்சீட்டில் நான்தான் உட்கார்ந்து வந்தேன், வழியெல்லாம் உன்னைச் சிரிக்க வைத்தேன். அந்த மூணு பாட்டில் கதையை அதற்குப் பிறகும் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். கேட்கிறவர்கள் கேட்டுச் சிரித்ததால் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

ரோட்டை 2018இல் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

உன்னை வாயை மூடிக்கொண்டு இரு என்று சொன்னது உன் உரிமத்துக்காக இல்லை. நீ சொல்லிவிட்டால் நானும் சொல்லவேண்டி வருமே என்று. நூறு மீட்டரில் மண் மாறும். நாலாம் குழிக்கும் ஐந்தாம் குழிக்கும் மாறியது. இந்தக் கடிதத்தில் நான் எதையும் கூட்டவில்லை. சசிகலா அழுகிறாள், அதையும் கூட்டவில்லை.

கல் கொட்டுவதை நிறுத்து.

மணிவண்ணன்

எட்மண்டன்
19.07.2025

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை காலையில் படித்தேன். பத்து மணிக்கு என் தலைமை இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். வேலையை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் துளை போட்டார்கள். இரண்டு மீட்டருக்குக் கீழே பனிக்கட்டி. மண் கலந்தது இல்லை, கண்ணாடி மாதிரி வெறும் பனிக்கட்டி, மூன்றரை மீட்டர் தடிமன். துளையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். மற்ற துளைகளையும் மறுபடி சரிபார்க்கிறார்கள். இந்தக் கோடையில் தார் போட முடியாது. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு வருடம் சரளையில்தான் இறங்கவேண்டும். அது என்னால்.

என்னை முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உரிமத்தைப் பற்றி அக்டோபரில் விசாரணை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். நான் சொல்வதற்கு முன்பே சசிகலா அக்கா வீட்டுக்குப் போய் எல்லாம் சொல்லியிருந்தார்.  அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டார். "நீயா சொன்னியா, அவங்களா கண்டுபுடிச்சாங்களா?" என்றார். நானாகத்தான் சொன்னேன் என்றேன். "சரி" என்றார். பதினோரு வருடமாக அவரிடம் நான் கேட்காததையெல்லாம் அன்று கேட்டேன். ஏர்போர்ட்டைப் பற்றி மட்டும் கேட்க முடியவில்லை.

உங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.  நானும் உங்களைப் போலத்தான் செய்தேன் என்பது தெரியும். இருந்தாலும் கொஞ்ச காலம் எழுதாதீர்கள்.

வெற்றிச்செல்வி

விக்கிரமங்கலம்
24.08.2025

செல்விக்கு,

நீ எழுதாதே என்றாய். உன் அப்பா எழுது என்கிறார். அவர் பேச்சைத் தட்டும் நிலையில் நான் இல்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டு. உன் அம்மா நலம், சர்க்கரை நூற்று நாற்பது. எனக்கு இன்னும் தண்ணீர்கூட எடுத்துக் கொடுப்பதில்லை. ஜோதி நலம்.

உனக்கு ஸ்கேன் போன அன்றே நான் இங்கே வந்தேன். அவர் கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் வந்தேன். இருபது நாள் (பதினாறு நாள் என்கிறார், திருத்திவிட்டேன்) தொடர்ந்து வந்தேன். பதினேழாம் நாள் கதவைத் திறந்தார்.

"காலுல வுளலாம்னு பாக்கிறியா?" என்றார்.

"ஆமா மச்சான்."

"வுளாத. இந்தக் காலு தாங்காது. இந்தக் கதைய எங்கெங்க சொன்ன?"

டீக்கடைகளை வரிசையாகச் சொன்னேன். விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். "சட்டையப் போட்டுட்டு வரேன், இரு" என்று உள்ளே போனார்.

அதிலிருந்து நானும் அவரும் ஒரே வண்டியில் போகிறோம். பின்னால் தடியோடு அவர். முதலில் அரியலூர் நெடுஞ்சாலை ஆபீசுக்குப் போய், ஐந்தாம் குழியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி பஞ்சநாதன் நிதானமாகப் படித்தார். "அந்த ரோடே இப்ப இல்லீங்களே ஐயா" என்றார். இருந்தாலும் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். மச்சான் வேன் ஓட்டிய பழைய பள்ளிக்கூடத்துக்கும் போனோம். அப்போது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

பிறகு டீக்கடைகள். நேற்றுவரை நாலு கடை (மூணு என்கிறார், ஒன்று பூட்டியிருந்ததாம். அடித்துவிட்டேன்). நேற்று பஸ் ஸ்டாண்டு எதிரில் வேம்பு கடை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, மச்சான் குடிக்கவே இல்லை, மோர்தான் குடித்தார், ரோடு வெடித்ததற்கு நான்தான் காரணம், சாக்கை மாற்றிக் கட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

வேம்பு வடிகட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டான். பிறகு, "மணி மாமா, மோரா? மோரக் குடிச்சிட்டு எவனாவது கால ஒடைச்சிக்குவானா? பழசே நல்லா இருந்துச்சு மாமா, அந்தப் பைலட்டு கதை, அதச் சொல்லுங்க" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். முருகையன், "மச்சானுக்கு வயசாவுதுல்ல, மாமா பாவம் பாத்து அவர நல்லவராக்கப் பாக்குறாரு" என்றார். இல்லை, இது சத்தியம் என்றேன். சத்தியம் என்றதும் இன்னும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து, மாமா நடிப்பும் கத்துக்கிட்டார் என்றார்கள்.

 உன் அப்பா டீயை முழுக்கக் குடித்தார். கிளாசைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுத் தடியை எடுத்தார்.

வண்டி ஏரிக்கரைக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். "ஒருத்தனும் நம்பல மச்சான்" என்றேன்.

"ஆமா."

"இனிமே என்ன பண்றது?"

"நீ எத்தன வருசம் சொன்ன?"

"பதினொண்ணு."

 அவர் தடியால் பின்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப நாளைக்குக் காலைல ஏளு மணிக்கெல்லாம் வந்துடு மாப்ள" என்றார்.

இன்று ஏழு மணிக்கு வந்தேன். சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். கிளம்பும் முன் உனக்கு எழுதச் சொன்னார்.

மணிவண்ணன்